ஏரிக்கரை மரக்குடிலில் நண்பர்களோடு சில நாட்கள்: மின்சாரமும் குழாயும் இல்லாத இடத்துக்கு எப்படித் தயாராவது?

நீரலை

எல்லோருக்கும் வணக்கம். கூடப் படித்த நண்பர்கள் ஆறு பேர், ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒன்றாகப் போய்த் தங்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். இடமும் பிடித்தாயிற்று. காட்டுக்குள் ஓர் ஏரி, கரையில் பழைய மரக்குடில். மின்சாரம் கிடையாது, குழாய் கிடையாது. உள்ளே ஒரு விறகு அடுப்பு, சுவரோரம் அடுக்குக் கட்டில்கள். சற்றுத் தள்ளி ஒரு குழிக் கழிப்பறை. சின்னப் படகுத்துறை, ஒரு துடுப்புப் படகு. வண்டியை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் நடந்துதான் போக வேண்டும். செல்பேசிக்குச் சிக்னல் வராது என்று குடிலின் உரிமையாளரே சொல்லிவிட்டார்.

எங்களில் இரண்டு பேருக்குக் காட்டில் தங்கிய பழக்கம் உண்டு, மற்றவர்களுக்கு இதுதான் முதல்முறை. ஒருத்திக்கு இரவை நினைத்தால் பயம். ஒருவன் ஜெனரேட்டரைத் தூக்கிக்கொண்டு வருவேன் என்று நிற்கிறான். குழுவில் இப்போதே லேசாக உரசல் தொடங்கிவிட்டது.

என்னென்ன எடுத்துப் போவது என்ற பட்டியல் எங்கே தேடினாலும் கிடைக்கிறது. அங்கே போனபிறகு நாள் எப்படி நகரும், எதில் சிக்கல் வரும், எதையெல்லாம் கிளம்பும் முன்பே பேசி வைக்க வேண்டும் என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

பழையதுடுப்பு

நல்ல இடமாகத்தான் பிடித்திருக்கிறீர்கள். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வரும். இப்படிப்பட்ட குடிலில் பாதி நாள் வேலையிலேயே போகும். தண்ணீர் கொண்டுவருவது, விறகு பிளப்பது, அடுப்பை அணையாமல் பார்ப்பது, பாத்திரம் கழுவுவது, விளக்கு ஏற்றுவது. இதைத் தொல்லை என்று நினைத்துப் போகிறவர்கள் இரண்டாம் நாளே முகம் சுளிப்பார்கள். இதைச் செய்யத்தான் வந்திருக்கிறோம் என்று போகிறவர்களுக்கு அந்த நாட்கள் வாழ்நாளுக்கும் மறக்காது. உங்கள் ஆறு பேரிடமும் இதை இப்போதே உடைத்துச் சொல்லிவிடுங்கள்.

தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். குடிக்க, சமைக்க, பல் துலக்க என்று ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 4 லிட்டர் வேண்டும். ஆறு பேருக்கு 24 லிட்டர். பாத்திரம் கழுவுவதும் உடம்பு துடைப்பதும் இதில் சேராது. ஒரு 20 லிட்டர் கேன் நிரம்பினால் 20 கிலோ. கரையிலிருந்து மேட்டில் இருக்கும் குடிலுக்கு அதை ஒருவர் தனியாகத் தூக்கினால் தோள் இறங்கிவிடும். கைப்பிடியில் ஒரு கம்பைச் செருகி, முன்னும் பின்னுமாக இரண்டு பேர் பிடித்தால் சிரமமே தெரியாது. கேனைக் கரையோரத்தில் அமிழ்த்தாதீர்கள், அடியில் கிடக்கும் சேறு கிளம்பி உள்ளே வந்துவிடும். படகுத்துறையின் நுனிக்குப் போய், நீர்ப்பரப்புக்குக் கொஞ்சம் கீழே வாளியை விட்டு மொண்டு, மெல்லிய துணி கட்டிய புனல் வழியாக ஊற்றுங்கள்.

இந்தத் தண்ணீர் நடைக்கு ஒரு மகிமை உண்டு. கூட்டத்தில் அதிகம் வாய் திறக்காத நண்பர் ஒருவர் எங்களோடு வருவார். தீ மூட்டிச் சுற்றி உட்கார்ந்தாலும் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். ஆனால் கேனை இரண்டு பேராகத் தூக்கி வரும்போது, முகம் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாததாலோ என்னவோ, அவர் வாழ்க்கையில் நடந்ததையெல்லாம் சொல்வார். அந்தப் பேச்சு எனக்கு வேறு எங்கும் கிடைத்ததில்லை. அதனால் வேலைப்பங்கீடு செய்யும்போது ஆளுக்கொரு வேலை என்று பிரிக்காமல், இரண்டு இரண்டு பேராகப் பிரித்து, தினமும் ஜோடியை மாற்றுங்கள்.

ஒற்றைப்பனை

அண்ணன் சொல்வது அழகாக இருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் அப்படி இருக்காது. வருஷம் முழுக்க வேலை பார்த்துவிட்டு ஓய்வுக்காகப் போகிறவருக்கு, அங்கேயும் வேலைப்பட்டியல் என்றால் எப்படி? ஒரு சின்ன ஜெனரேட்டர் இருந்தால் விளக்கு எரியும், செல்பேசி சார்ஜ் ஆகும், பாட்டு கேட்கலாம், கேமராவுக்கும் ஆகும். பயப்படும் அந்தத் தோழிக்கும் வெளிச்சம் இருந்தால் தைரியம் வரும். வசதியாக இருப்பதில் தப்பு என்ன இருக்கிறது? நான் எடுத்துக்கொண்டு போகச் சொல்வேன்.

வெண்மருந்து

ஒற்றைப்பனை, வசதி வேண்டும் என்பதில் தப்பே இல்லை. நான் செவிலியாக இருப்பதால் ஜெனரேட்டரைப் பற்றி மட்டும் பேசிவிடுகிறேன்.

ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனை விட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல். பயண அலுப்பு என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள். தூங்குகிறவருக்கு ஒரு அறிகுறியும் தெரியாமலே உயிர் போய்விடலாம். மழை பெய்கிறது என்று ஜெனரேட்டரைத் தாழ்வாரத்தில் கொண்டுவந்து வைக்கிறார்களே, அங்கேதான் ஆபத்து. வைத்தே ஆக வேண்டும் என்றால் குடிலிலிருந்து 6 மீட்டருக்குக் குறையாத தூரத்தில், புகை வரும் பக்கம் ஜன்னலுக்கும் கதவுக்கும் எதிர்த்திசையில் இருக்கும்படி வைக்க வேண்டும்.

ஜெனரேட்டர் இல்லாவிட்டாலும் இந்த ஆபத்து இருக்கிறது. விறகு அடுப்பின் புகைபோக்கியில் பறவைக் கூடோ கரியோ அடைத்திருந்தால் அதே வாயு உள்ளே திரும்பும். கரி அடுப்பை, அணைந்ததுபோல் தெரிந்தாலும், குளிர் காய உள்ளே கொண்டுவரவே கூடாது. பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று கையளவுதான் இருக்கும். அதை எடுத்துப் போங்கள், தூங்கும் இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். அலாரம் அடித்தாலோ, ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தாலோ, யோசிக்காமல் எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும்.

விறகுக்கட்டை

அக்கா சொன்னதோடு இன்னொன்று. அரை மணி நடை என்றால் ஜெனரேட்டரும் எரிபொருளும் சேர்ந்து சாதாரணமாக 20 கிலோவைத் தொடும். அந்தச் சுமைக்கு என்னவெல்லாம் கொண்டு போகலாம் என்று யோசியுங்கள். செல்பேசிக்கு ஒரு பவர் பேங்க் போதும். சிக்னல் இல்லாத இடத்தில் விமானப் பயன்முறையில் போட்டுவிட்டால் சார்ஜ் நாள்கணக்கில் நிற்கும். இல்லையென்றால் டவரைத் தேடித் தேடியே பேட்டரி தீர்ந்துவிடும்.

நான் பேச வந்தது விறகைப் பற்றி. குடிலில் ஏற்கெனவே விறகு இருக்கிறதா, அது காய்ந்ததா என்று உரிமையாளரிடம் கேட்டுவிடுங்கள். வெட்டிப் பிளந்து ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷமாவது காற்றாடக் கிடந்தால்தான் விறகு உருப்படியாக எரியும். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். மீட்டர் எதுவும் வேண்டாம். இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள், காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், ஈரமானது மந்தமாக ஒலிக்கும். காய்ந்த துண்டின் வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி வெடிப்பு ஓடியிருக்கும். பட்டை கையோடு உரிந்து வரும். ஈர விறகைப் போட்டால் முனையில் நுரை கிளம்பி 'உஸ்' என்று சத்தம் வரும், சூடு வராது, புகைபோக்கியின் உட்சுவரில் தார் போல் கிரியோசோட் படியும். அது ஒருநாள் தீப்பிடித்தால் மரக்குடில் தாங்காது.

அடுப்பு மூட்டும் முறையையும் சொல்லிவிடுகிறேன், புதியவர்கள் எல்லோருக்கும் இதில்தான் தடுமாற்றம். குளிர்ந்து கிடக்கும் புகைபோக்கியில் காற்று கனமாக உட்கார்ந்திருக்கும். அப்படியே மூட்டினால் புகை முழுவதும் அறைக்குள் வரும். முதலில் காற்றுத் திறப்புகளை முழுசாகத் திறங்கள். ஒரு காகிதத்தைக் கொளுத்திப் புகைபோக்கி வாய்க்கு அருகில் பிடித்தால் உள்ளிருக்கும் காற்று சூடாகி மேலே இழுக்க ஆரம்பிக்கும். அதற்கப்புறம் அடியில் இரண்டு தடித்த துண்டு, மேலே நடுத்தரம், அதற்கும் மேலே விரல் பருமன் சுள்ளி என்று அடுக்கி, உச்சியில் தீ வையுங்கள். நெருப்பு மெல்ல மெல்லக் கீழே இறங்கி எரியும், புகையும் குறைவு.

கோடரி விஷயத்தில் கெடுபிடியாக இருங்கள். பிளக்கும் துண்டைத் தரையில் வைக்காமல், முழங்கால் உயரத்துக்கு ஓர் அடிமரத்தின் மேல் வைக்க வேண்டும். குறி தப்பினாலும் கோடரி அந்த மரத்தில் இறங்கும், காலில் இறங்காது. சுற்றி இரண்டு கோடரி நீளத்துக்கு யாரும் நிற்கக் கூடாது. இருட்டிய பிறகும் குடித்த பிறகும் கோடரியைத் தொடவே கூடாது. இதை மட்டும் கிளம்பும் முன்பே எல்லோரையும் சத்தியம் செய்ய வையுங்கள்.

நீரலை

கேட்டதற்கு மேலேயே கிடைக்கிறது, ரொம்ப நன்றி. கார்பன் மோனாக்சைடு விஷயத்தைக் குழுவில் போட்டேன், ஜெனரேட்டர் பேச்சு அடங்கிவிட்டது. அலாரம் வாங்குவதாக அவனே சொல்லிவிட்டான்.

இப்போது தண்ணீர் சந்தேகம். ஏரி கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறதாம். அப்படியே குடிக்கலாம் என்று ஒருவன் சொல்கிறான். சரியா?

வெண்மருந்து

வேண்டாம். தெளிவுக்கும் சுத்தத்துக்கும் சம்பந்தமில்லை. விலங்குகள் குடித்து, கழித்துப் போகும் நீரில் ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணி இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. உடனே ஒன்றும் ஆகாது, ஒன்று முதல் மூன்று வாரம் கழித்து வயிறு கெடும். அப்போது ஏரியை யாரும் நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

கொதிக்க வைப்பதுதான் எளிய வழி. நீர் தளதளவென்று கொதித்த பிறகு ஒரு நிமிடம். கடல் மட்டத்திலிருந்து 2000 மீட்டருக்கு மேலே என்றால் மூன்று நிமிடம், ஏனென்றால் உயரத்தில் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். விறகு அடுப்பு எரிந்துகொண்டுதானே இருக்கும், மேலே ஒரு பெரிய பாத்திரம் எப்போதும் இருக்கட்டும். இரவே ஆறவைத்து மூடி வைத்தால் காலையில் குளிர்ந்த குடிநீர் தயார்.

ஃபில்டர் கொண்டு போவதும் நல்லதுதான். 0.2 மைக்ரான் துளையுள்ளவை பாக்டீரியாவையும் ஒட்டுண்ணியையும் தடுக்கும், வைரஸைத் தடுக்காது. நுண்குழல் வகை ஃபில்டரை நனைத்த பிறகு ஒருமுறை உறைய விட்டால் குழல்கள் விரிசல் விடும். வெளியில் பார்த்தால் தெரியாது, ஆனால் அதற்கப்புறம் அது ஃபில்டரே இல்லை. குளிர் இரவாக இருந்தால் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொண்டு தூங்குங்கள்.

முக்கியமானது இன்னும் ஒன்று. ஏரிப்பரப்பில் பச்சைப் பெயின்ட் கொட்டியது போல் ஏடு மிதந்தால் அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். சில வகைகள் நஞ்சைச் சுரக்கும். கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் வேண்டாம், அதில் இறங்கவும் வேண்டாம். நாய் கூட வந்தால் அதையும் இறங்க விடாதீர்கள், நக்கியே செத்துப்போன நாய்கள் உண்டு. இதற்காகவே முதல் நாளுக்கான குடிநீரைக் கையோடு கொண்டு போவது நல்லது.

இரவாடி

இரவைக் கண்டு பயப்படும் தோழிக்காக இதை எழுதுகிறேன். எனக்கும் காட்டு இருட்டு பழக நாளானது. என்னை அதன் பக்கம் இழுத்தது வானம்தான்.

இருட்டுக்குக் கண் பழக 20, 30 நிமிடம் பிடிக்கும். விழித்திரையில் ரொடாப்சின் என்ற நிறமி மெல்லத்தான் திரும்பச் சேரும். நடுவில் யாராவது செல்பேசியை ஒருமுறை பளிச்சென்று காட்டினால் போதும், மறுபடி முதலிலிருந்து. சிவப்பு வெளிச்சம் அவ்வளவாகக் கெடுக்காது. அதனால் சிவப்பு வெளிச்சமும் தரும் ஹெட் லாம்ப் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். கழிப்பறைக்குப் போகும் பாதையில் மரத்துக்கு மரம் ஒரு வெள்ளைத் துணிக்கீற்றைக் கட்டிவிட்டால் மங்கிய வெளிச்சத்திலும் வழி தெரியும். இந்தச் சின்ன ஏற்பாட்டில் பாதி பயம் போய்விடும். இன்னொரு பாதிக்கு, எந்த நேரம் எழுப்பினாலும் கூட வருகிறேன் என்று ஒருவர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எழுப்பத் தயங்கித்தான் பலர் இரவெல்லாம் தவிக்கிறார்கள்.

அமாவாசையை ஒட்டி நாள் பார்த்தீர்கள் என்றால், மேகம் இல்லாத இரவில் பால்வீதி தலைக்கு மேல் ஓடும். படகுத்துறையில் பாயை விரித்து ஆறு பேரும் வரிசையாகப் படுங்கள். பேச வேண்டியதில்லை. நான் பார்த்தவரையில், முதலில் சலசலவென்று பேசுவார்கள், கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராக அடங்குவார்கள், அப்புறம் யாராவது ஒருவர் பல வருஷமாகக் கேட்க நினைத்ததைக் கேட்பார்.

சத்தம் பற்றியும் சொல்ல வேண்டும். சாயங்காலம் நீரை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே இருக்கும் காற்று சூடாகவே இருக்கும். அப்போது ஒலி மேலே போய்த் தொலையாமல் வளைந்து நீர்ப்பரப்புக்கே திரும்பும். எதிர்க்கரையில் இருப்பவர் சாதாரணமாகப் பேசுவதுகூடத் தெளிவாகக் கேட்கும். ராத்திரியில் பக்கத்திலேயே யாரோ பேசுவதுபோல் இருந்தால் பதற வேண்டாம், தொலைவில் தங்கியிருப்பவர்களாக இருக்கலாம். நீங்கள் ஒலிபெருக்கி வைத்தாலும் ஏரி முழுக்க அதைக் கேட்டாக வேண்டும். ஒற்றைப்பனை மன்னிக்கணும், பாட்டை விட்டுவிட்டுப் போகலாம் என்பதுதான் என் கட்சி.

ஒற்றைப்பனை

ஜெனரேட்டர் விஷயத்தில் வெண்மருந்து சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். பாட்டு விஷயத்திலும் சரி. ஆனால் நான் கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. ஆறு பேரில் ஒருவருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை என்றால்? வேலை செய்யாமல் கட்டிலில் படுத்துப் படிக்கத்தான் ஆசை என்றால்? அவரை எல்லோரும் ஒருமாதிரி பார்ப்பார்கள். அப்படிப்பட்ட பயணத்தில் நான் இருந்திருக்கிறேன். பிடிக்கவில்லை என்று சொல்லக்கூட இடமில்லாமல் இருந்தது.

பழையதுடுப்பு

தம்பி, இது நியாயமான கேள்வி. நான் வேலையைப் பற்றிச் சொன்னது கட்டாயம் போல் ஒலித்தால் திருத்திக்கொள்ள வேண்டியதுதான்.

எல்லோரும் எல்லாம் செய்ய வேண்டியதில்லை. விறகு பிளக்கப் பிடிக்காதவருக்கு மாவு பிசையப் பிடிக்கலாம். அதிகாலையில் தானாக எழுகிறவர் அடுப்பை எடுத்துக்கொள்ளட்டும், ராத்திரி நேரம் கழித்துத் தூங்குகிறவர் பாத்திரங்களையும் கடைசி விறகையும் எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் ஒரு வேலையும் இல்லாமல் ஒருவரை விடுவதும் அவருக்குச் செய்யும் உபகாரம் ஆகாது. தான் விருந்தாளி என்ற எண்ணம் வந்தவுடன் அவர் ஒதுங்கிவிடுகிறார், மற்றவர்களுக்கும் மனசுக்குள் கணக்கு ஓட ஆரம்பிக்கிறது. சொல்லாத அந்தக் கணக்குதான் மூன்றாம் நாள் சண்டையாக வெடிக்கும், அதுவும் கழுவாத ஒரு டம்ளரை வைத்து.

நாங்கள் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம். மதியச் சாப்பாட்டிலிருந்து வெயில் சாயும் வரை யாரும் யாரையும் கூப்பிடக் கூடாது. தூங்கலாம், படிக்கலாம், தனியாகக் கரையோரம் நடக்கலாம். எங்கே போகிறோம் என்று மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக வேண்டும். ஆறு பேர் ஒரே அறையில் இருக்கும்போது அந்தத் தனிமை இல்லாமல் தாக்குப்பிடிக்க முடியாது. எவ்வளவு நெருங்கிய நண்பர்களாக இருந்தாலும் சரி.

அப்புறம், வரப் பிடிக்காதவரை வற்புறுத்திக் கூட்டிப் போகாதீர்கள். அவரோடு வேறு இடத்துக்கு, வேறு மாதிரி பயணம் போகலாம். நட்பு அதனால் குறையாது.

ஒற்றைப்பனை

இந்த மதிய ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. அப்படி ஒரு இடைவெளி எங்களுக்கு இருந்திருந்தால் அந்தப் பயணம் வேறு மாதிரி போயிருக்கும்.

விறகுக்கட்டை

யாரும் இன்னும் ஏரியில் இறங்குவதைப் பற்றிப் பேசவில்லையே. இதுதான் எனக்கு மிகவும் கவலை. நண்பர்கள் சேர்ந்தால் படகுத்துறை நுனியிலிருந்து குதிக்கத்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும்.

ஏரி நீர் ஒரே சூட்டில் இருக்காது. கோடையில் மேல் அடுக்கு இதமாக இருக்கும், சில மீட்டர் கீழே போனால் திடீரென்று குளிரும். 4 டிகிரி செல்சியஸில்தான் நீருக்கு அடர்த்தி அதிகம், அதனால் குளிர்ந்த நீர் அடியில் தங்கிவிடுகிறது. கால் நனைத்துப் பார்த்து 'சூடாகத்தான் இருக்கு' என்று தலைகீழாகப் பாய்கிறவர் இறங்குவது வேறொரு நீருக்குள். திடீர்க் குளிரில் உடம்பு தன்னையறியாமல் மூச்சை உள்ளே இழுக்கும். அந்த ஒரு மூச்சு தண்ணீருக்குள் நடந்தால் நீச்சல் வீரராலும் ஒன்றும் செய்ய முடியாது.

மீட்புப் பயிற்சிகளில் 1-10-1 என்று சொல்வார்கள். குளிர்ந்த நீரில் விழுந்தால் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்க 10 நிமிடம், குளிரில் நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். முதல் நிமிடம் நீந்தப் பார்க்காமல், மிதந்து மூச்சைச் சரிசெய்ய வேண்டும். அடுத்த பத்து நிமிடத்தில் வெளியே வரப் பார்க்க வேண்டும். அந்த ஒரு மணி நேரமும் லைஃப் ஜாக்கெட் போட்டவருக்குத்தான் கிடைக்கும். படகில் காலை வைக்கும்போதே அது மேலே இருக்க வேண்டும், இருக்கைக்கு அடியில் கிடந்தால் பிரயோஜனம் இல்லை. படகு கவிழ்ந்தால் அதைப் பிடித்துக்கொண்டே இருங்கள், கரை பக்கத்தில்தானே என்று விட்டுவிட்டு நீந்த வேண்டாம்.

குதிக்கும் முன் ஒருவர் மெதுவாக இறங்கி ஆழத்தையும், அடியில் பாறையோ மரமோ கிடக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். போன வருஷம் குதித்த இடம் என்றாலும் பார்க்க வேண்டும், நீர்மட்டம் மாறியிருக்கும்.

இரவாடி

படகுக்கு அதிகாலைதான் நேரம். பெரும்பாலும் காற்று அடங்கி இருக்கும். வெயில் ஏற ஏறக் காற்று கிளம்பி மதியத்தில் அலை எழும். போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கள், திரும்பும்போது களைத்த கைக்கு அது உதவும்.

இடி கேட்டால் உடனே கரையேற வேண்டும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் எண்ணுங்கள், ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 விநாடி ஆகும். 30 விநாடிக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, அது எட்டும் தூரம்தான். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி நீர்ப்பக்கம் போக வேண்டும்.

வெண்மருந்து

விட்டுப்போன சிலதைச் சொல்லிவிடுகிறேன்.

ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த குடில் என்றால் எலிப் புழுக்கை இருக்கும். உள்ளே நுழைந்ததும் துடைப்பத்தை எடுத்துக் கூட்டிவிடாதீர்கள். தூசியோடு கிளம்பி மூச்சில் போனால் ஹான்டா வைரஸ் தொற்றக்கூடும். கதவு ஜன்னலைத் திறந்து அரை மணி நேரம் காற்றாட விடுங்கள். ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து புழுக்கை மேல் நனையத் தெளித்து, ஐந்து நிமிடம் விட்டு, கையுறையோடு காகிதத்தால் துடைத்து எடுங்கள்.

சாப்பாட்டுப் பொருளை வாசனை வெளியே போகாத, கடிக்க முடியாத டப்பாவில் வையுங்கள். பற்பசையும் சோப்பும்கூட விலங்குகளுக்குச் சாப்பாட்டு வாசனைதான். மிச்சம் மீதியைக் குடில் வாசலில் கொட்டினால் அன்று இரவே விருந்தாளிகள் வருவார்கள்.

மக்கும் சோப்பு என்று போட்டிருந்தாலும் ஏரிக்குள் சோப்பு போட்டுக் குளிக்க வேண்டாம், மண்ணில்தான் அது மக்கும். வாளியில் நீரை மொண்டு, கரையிலிருந்து 60 மீட்டர் தள்ளிப் போய்க் குளியுங்கள். பாத்திரம் கழுவிய நீரையும் அங்கேயே கொட்டுங்கள்.

புல்லிலும் புதரிலும் நடந்து வந்தால் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதின் பின்புறம் எல்லாம் பார்க்க வேண்டும். இருந்தால் கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுக்க வேண்டும். எண்ணெய் விடுவது, நெருப்பு வைப்பது எதுவும் வேண்டாம்.

யாருக்கு என்ன ஒவ்வாமை, யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதைக் குழுவில் இன்னொருவராவது தெரிந்துவைத்திருக்க வேண்டும். நண்பர்களுக்குள் இதைக் கேட்கக் கூச்சப்படுவார்கள். கேளுங்கள்.

நீரலை

எல்லாவற்றையும் குழுவில் படித்துக் காட்டினேன். முடிவானதைச் சொல்லிவிடுகிறேன். ஜெனரேட்டர் இல்லை, ஒலிபெருக்கி இல்லை. ஒரு அலாரம், ஆளுக்கொரு ஹெட் லாம்ப், ஆறு பேருக்கும் அளவான லைஃப் ஜாக்கெட். வேலைக்கு மூன்று ஜோடி, தினமும் மாறும். மதியத்தில் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை என்று ஒற்றைப்பனைக்காகவே முதல் விதியாக எழுதி வைத்துவிட்டோம். பயந்த தோழியோடு ராத்திரி எழுந்து போக ஜெனரேட்டர்காரனே முன்வந்திருக்கிறான், அது எனக்கு ரொம்பச் சந்தோஷம். தேதியையும் அமாவாசைக்குப் பக்கமாக நகர்த்திவிட்டோம்.

கடைசியாக இரண்டு கேள்வி. சிக்னல் இல்லாத இடத்தில் யாருக்காவது அடிபட்டால் எப்படி உதவி கேட்பது? கிளம்பும்போது குடிலில் என்னென்ன செய்துவிட்டு வர வேண்டும்?

விறகுக்கட்டை

கிளம்பும் முன் வரைபடத்தைச் செல்பேசியில் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். ஜிபிஎஸ் வேலை செய்ய நெட்வொர்க் தேவையில்லை, இருக்கும் இடத்தின் புள்ளியை அது காட்டும். அந்த எண்களைத் தாளில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். செயற்கைக்கோள் வழியாக அவசரச் செய்தி அனுப்பும் வசதி 2022 முதல் வந்த சில செல்பேசிகளில் இருக்கிறது, ஆனால் எல்லா நாட்டிலும் இல்லை, திறந்த வானமும் வேண்டும். நீங்கள் போகும் இடத்தில் செயல்படுமா என்று முன்பே பாருங்கள். செயல்படாது என்றால் 406 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் அவசர பீக்கன் (செயற்கைக்கோள் வழியாக மீட்புப் பணிக்குச் சமிக்ஞை அனுப்பும் சின்னக் கருவி) ஒன்றை வாடகைக்கு எடுக்கலாம். நடந்து வரும் வழியில் எந்த இடத்தில் கடைசியாகச் சிக்னல் இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். யாராவது ஓட வேண்டி வந்தால் அங்கே வரைதான் ஓட வேண்டும், வண்டி வரை இல்லை.

பழையதுடுப்பு

கிளம்பும் நாளில் அவசரம் வேண்டாம், பாதி நாளை அதற்கே ஒதுக்குங்கள். காலைச் சமையலோடு அடுப்பை அணைய விடுங்கள். சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி, சுவரிலிருந்து தள்ளி, மரத்தளத்தில் இல்லாமல் மண் மேல் வையுங்கள். ஆறிவிட்டது என்று தோன்றும் சாம்பலுக்குள் கங்கு நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். வெளியே மூட்டிய தீயில் தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகில் கொண்டுபோய்ச் சூடு இல்லை என்று உறுதி செய்யுங்கள்.

தண்ணீர்க் கேன்களைக் காலி செய்து கவிழ்த்து வையுங்கள். மெத்தைகளைச் சுவரில் சாய்த்து நிறுத்தினால் எலி கூடு கட்டாது. உப்பு, சர்க்கரை உட்பட எதையும் அடுத்தவருக்கு ஆகும் என்று விட்டுவிட்டு வராதீர்கள், எலிக்குத்தான் ஆகும். காய்ந்த சுள்ளி ஒரு கட்டும் கொஞ்சம் விறகும் மட்டும் உள்ளே அடுக்கிவிட்டு வாருங்கள், அடுத்து வருகிறவர்கள் மழையில் நனைந்து வரலாம். படகை நீர்மட்டத்துக்கு நன்றாக மேலே இழுத்து, கவிழ்த்து, மரத்தில் கட்டுங்கள்.

உதவிக்கு விறகுக்கட்டை சொன்னதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊரில் பொறுப்பான ஒருவரிடம் இடம், வழி, வண்டி எண், ஆறு பேர் பெயர், திரும்பும் நாள் எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் மீட்புப் பணியைக் கூப்பிட வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். திரும்பும் வழியில் சிக்னல் கிடைத்த முதல் இடத்திலேயே நின்று அவரைக் கூப்பிட்டு, வந்துவிட்டோம் என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும்போது காட்டில் உங்களைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.